கொழுந்து வாடினால்தான் ஏசி

கார் ஏசியைத் தேயிலைக் கொழுந்து வைத்துப் பரிசோதித்த மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான். சந்திரனுக்கு ஆள் அனுப்பியவர்களுக்குக்கூட அந்த யோசனை வந்திருக்காது. நிவித்திகலயிலிருந்து கலவான போகும் பாதையில், ஒரு முடக்குக்குப் பக்கத்தில், நாலு தகரமும் ஒரு அந்தோனியார் படமும் உள்ள கொட்டகையில் அவர் இருந்தார். எங்கள் பக்கம் ஸ்பேனர் பிடிக்கிற எல்லாரும் பாஸ்தான். இவரைத் தமிழ் ஆட்கள் கொழுந்து பாஸ் என்றார்கள், சிங்கள ஆட்கள் தலு பாஸ் என்றார்கள். இரண்டும் ஒன்றுதான். அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. ஒருமுறை கேட்டதற்கு, "ஏசி நல்லா இருந்தா பேரு எதுக்கு டீச்சர், ஏசி நல்லா இல்லன்னா நீங்களே ஒரு பேரு வைப்பீங்க" என்று சொல்லிவிட்டார்.

இரத்தினபுரிப் பக்கம் வருஷத்தில் பாதி நாள் மழை பெய்யும். மீதிப் பாதி நாள் மழை வரப்போகிறது என்று இருட்டிக்கொண்டிருக்கும். இங்கே எதுக்கு ஏசி என்று வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். வந்து ஓட்டிப் பார்க்கட்டும். கண்ணாடியை இறக்கினால் மழை மடியில். ஏற்றினால் மூச்சு முட்டும், முன் கண்ணாடியும் புகை பிடித்த மாதிரி மங்கிவிடும், எதிரில் வருவது லொறியா மாடா என்று தெரியாது.

பாஸ் முன்பு ஒரு தேயிலை ஃபெக்டரியில் பதினெட்டு வருஷம் வேலை செய்தவர். மலையிலிருந்து வரும் பச்சைக் கொழுந்தைப் பரப்பிக் காற்றடித்து வாட்டுவார்களே, அந்த மேல்மாடியில். பதமாக வாடிய கொழுந்தைக் கையில் அள்ளி இறுக்கிப் பிடித்து விட்டால் மெதுவாக விரியவேண்டும். காம்பை மடக்கினால் வளையவேண்டும், 'டக்'கென்று ஒடியக்கூடாது. ஃபெக்டரியை மூடிய பிறகு இரத்தினபுரியில் ஒரு சிங்கள பாஸிடம் ஃப்ரிஜ் வேலை பழகினார், அங்கிருந்து கார் ஏசிக்கு வந்தார். மனசு மட்டும் மேல்மாடியை விட்டு இறங்கவே இல்லை.

"ஏசின்னா என்னா டீச்சர், குளிரா? குளிரு நுவரெலியாவுல சும்மாவே கெடக்கு. ஏசின்னா காத்துல இருக்குற ஈரத்த எடுக்கணும். ஈரம் போனா கொழுந்து வாடும். வாடலன்னா அது ஏசி இல்ல, ஃபேன்."

ஆகவே அவரிடம் வேலைக்குக் கார் கொண்டுபோகிறவர்கள் ஒரு கைப்பிடி கொழுந்தும் கொண்டுபோகவேண்டும். வேலை முடிந்ததும் அதை நூலால் கட்டி, காற்று வரும் வாய்க்கு முன்னால் தொங்கவிடுவார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கலவான பஸ் ஸ்டாண்டைச் சுற்றித் திரும்பி வரவேண்டும். வந்ததும் காம்பை மடக்கிப் பார்ப்பார். வளைந்தால் சாவி நம் கையில், ஒடிந்தால் சாவி அவர் சட்டைப் பையில். "வாஹனே ஹரித, பாஸ் உன்னஹே?" என்று வண்டி ஆயத்தமா எனக் கேட்டு வரும் சிங்கள முதலாளிமார்களுக்கு அவருடைய ஒரே பதில், "தவ டிக்கக்." இன்னும் கொஞ்சம் என்று அர்த்தம். அந்தக் கொஞ்சம் சில சமயம் மூன்று நாள்.

கொழும்பிலிருந்து வரவிருந்த ஒரு பெரிய மனிதரிடம் பாஸ் ஃபோனில் "தேயிலை கொண்டாங்க" என்று சொல்லியிருக்கிறார். அவர் ரிப்பன் கட்டிய பெட்டியில் உயர்தரத் தேயிலைத் தூளைக் கொண்டுவந்து மரியாதையாக நீட்டினார். பாஸ் அதை மோந்து பார்த்துவிட்டுச் சொன்னாராம்: "ஐயா, இது வாடி, அரைஞ்சி, காஞ்சி, செத்தே போச்சு. இத வச்சு நான் என்னா பாக்குறது?" பெரிய மனிதர் பளபளக்கிற சப்பாத்தோடு தேயிலை மலைக்குள் இறங்கிக் கொழுந்து பறித்துக்கொண்டு வந்தார். கூடவே நாலு அட்டைகளும் வந்தன.

இன்னொரு விசேஷம், பாஸ் தான் திருத்திய எந்தக் காரிலும் ஏறமாட்டார். வாங்க, ஒரு சுற்றுப் போய் வருவோம் என்று யார் கூப்பிட்டாலும், "சமைக்கிறவன் பந்தியில உக்காரக் கூடாதுங்க" என்று சொல்லித் தன் பழைய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விடுவார். அதைப் பெரிய தத்துவம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். மூன்று வருஷத்துக்கு முன் நான் ஒரு கார் வாங்கினேன். அப்போது எனக்கு முப்பத்தைந்து வயது, காருக்கு முப்பத்து மூன்று. என் வீட்டுக்காரர் கொழும்பில் கடையில் வேலை, மாதம் ஒருமுறை வருவார். வீட்டில் நானும் அம்மாவும்தான். அம்மா முப்பத்தைந்து வருஷம் மலையில் கொழுந்து பறித்தவர். ஓய்வு பெற்ற பிறகு இழுப்பு வந்துவிட்டது. பைப்படியிலிருந்து ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவர மூன்று இடத்தில் நிற்பார். இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் மாதம் ஒரு வியாழக்கிழமை கிளினிக். அம்மா தொடர்ந்து இரண்டு கிளினிக் போகவில்லை. எக்ஸ்ரே எடுக்கவேண்டும், கட்டாயம் வரவும் என்று கிளினிக் புத்தகத்தில் எழுதி, அதன்கீழ் இரண்டு கோடும் போட்டிருந்தார்கள்.

அந்த இரண்டு கோட்டைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பயம் வந்தால் அதைக் கோபமாக்கி அடுத்தவர் தலையில் கொட்டுவது என் பழக்கம். அம்மாவிடம் கத்தினேன்.

"ஏம்மா போகமாட்டேங்கிறீங்க? என்னாதான் உங்களுக்கு?"

"பஸ்ஸுல வாந்தி வருது. ஒங் கார்ல மூச்சு முட்டுது. நான் என்னா செய்ய?"

"ஏசி போட்டா வருவீங்களா?"

அம்மா காரை மேலும் கீழும் பார்த்தார். "வர்றேன்."

"சத்தியமா?"

"மாரியாத்தா மேல சத்தியமா. இந்தக் காருல ஏசி சரியாகட்டும், அடுத்த கிளினிக்குக்கு வாயத் தொறக்காம வர்றேன்."

இந்தக் காரில் மாரியாத்தாளே வந்தாலும் ஏசி சரியாகாது என்ற நம்பிக்கையில் செய்த சத்தியம் அது. எனக்கு அப்போது தெரியவில்லை. பள்ளிக்கூட லீவு வேறு. சனிக்கிழமை காலையிலேயே அம்மாவையும் ஏற்றிக்கொண்டு பாஸின் கொட்டகையில் போய் நின்றேன். கிளினிக்குக்கு ஐந்து நாள் இருந்தது.

பாஸ் பாதி முகம் சவரம் செய்து, பாதி முகம் நுரையோடு வந்தார். காரைப் பார்க்கவே இல்லை. "யாரு போறதுக்கு டீச்சர்?" என்றார்.

"அம்மா. இழுப்பு இருக்கு. வியாழக்கிழம ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"அப்ப கொழுந்த அவங்கதான் பறிக்கணும். போறவங்க கையால பறிச்சாத்தான் சரி." அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். "அக்காவுக்குச் சொல்லிக் குடுக்கவா வேணும்."

பிறகு பொனட்டைத் திறந்து தலையை உள்ளே விட்டு ஒவ்வொரு குழாயாகத் தட்டிப் பார்த்தார். "இதுக்குப் போட்டது பழைய கேஸ். அது வானத்துல ஓட்டை போடுதுன்னு உலகமே சேந்து நிப்பாட்டிருச்சு. புதுக் கேஸுக்கு மாத்தணும். புதுக் கேஸுக்குப் பழைய எண்ணெய் ஒத்துக்காது, அதயும் மாத்தணும். ரப்பர் வளையமெல்லாம் மாத்தணும். ஈரம் குடிக்கிற போத்தல் ஒண்ணு இருக்கு, அதயும் மாத்தணும்."

"அப்ப எதத்தான் பாஸ் மாத்தாம விடுவீங்க?"

"ஓட்டுறவங்கள."

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அம்மா சிரித்துவிட்டார். அம்மா சிரித்து ரொம்ப நாளாகியிருந்ததால் நான் வாயை மூடிக்கொண்டேன்.

முதலில் ஓட்டையைக் கண்டுபிடிக்கவேண்டும். சும்மா கேஸ் மட்டும் அடித்துக்கொடுங்கள் என்று கேட்கிறவர்களைப் பாஸ் பக்கத்தில் சேர்க்கமாட்டார். ஓட்டைச் சட்டியில் மோர் ஊற்றுகிற ஆள் நான் இல்லை என்பார். காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருகிறவர் அந்தோனியார் என்பதால், அந்தப் படத்துக்கு முன் ஒரு நிமிஷம் கும்பிட்டார். பிறகு குழாய்க்குள் காற்றை ஏற்றிவிட்டு, கையில் இருந்த சவர பிரஷ்ஷாலேயே குழாய் முழுக்க நுரை தடவினார். குமிழி வரவில்லை. மிச்சமிருந்த நுரையைத் திரும்ப முகத்தில் தடவி மறுபாதி சவரத்தையும் முடித்துக்கொண்டார். நான் கண்ணால் பார்த்தேன், பொய் இல்லை.

"வெளிய இல்ல. உள்ள இருக்கு" என்று டேஷ்போர்டைக் கழற்றத் தொடங்கினார். கூலிங் கொயிலைச் சுற்றி ஒரு பெரிய எலிக்கூடு. அதை இழுத்துப் போட்டவர், அதிலிருந்து ஒரு துண்டுத் தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து வாசித்தார்: "'எங்கள் வீட்டுப் பூனை மிகவும் சோம்பேறியானது.'" என்னைப் பார்த்தார். "அதான் டீச்சர் எலியெல்லாம் இங்க வந்துருக்கு."

எனக்கு வேர்த்துவிட்டது. அது ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளின் கட்டுரைத் தாள். மழையில் அடித்துக்கொண்டு போய்விட்டது என்று வகுப்பில் சொல்லி, எல்லோருக்கும் எழுபது மார்க் போட்டிருந்தேன். பாஸ் ஒவ்வொரு துண்டாகத் தட்டி, நேராக்கி, என் கையில் கொடுத்தார். "எலி திருத்திருக்கு. மார்க்குதான் போடல" என்றார். அம்மா இருமுகிற அளவுக்குச் சிரித்தார்.

கொயிலின் அடியில் ஊசிமுனை ஓட்டை. பாஸ் வேறு ஒரு பழைய காரிலிருந்து கொயில் தேடிப் பிடித்துப் போட்டு, எல்லாம் மாற்றி முடிக்கத் திங்கட்கிழமையாகிவிட்டது. அடுத்த நாள் வெக்கியூம். குழாயிலிருக்கும் காற்றையும் ஈரத்தையும் மெஷினால் உறிஞ்சி எடுத்துவிட்டு மூடிவைப்பார். ஒரு மணித்தியாலம் மீட்டர் ஊசி அசையக்கூடாது. அசைந்தால் இன்னும் எங்கோ ஓட்டை. ஊசிக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார். நான் ஏதோ கேட்க வாயெடுத்தேன்.

"பேசாதீங்க டீச்சர். ஊசி பயந்துரும்."

நாற்பது பிள்ளைகளை ஒரு பார்வையில் அடக்குகிறவள் நான். அந்த ஒரு மணித்தியாலம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஊசி அசையவில்லை. பழைய கேஸின் அளவைவிடக் கொஞ்சம் குறைத்துப் புதுக் கேஸை ஏற்றினார். காரை ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். கம்ப்ரசர் 'டக்' என்று பிடித்தது. கையை வைத்தேன், விரலெல்லாம் விறைத்துவிட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. வியாழக்கிழமை அம்மா ஆஸ்பத்திரிக்குப் போகப்போகிறார், அவ்வளவுதான் எனக்கு வேண்டும்.

அம்மா வீட்டுக்குப் பின்னால் உள்ள செடிகளில் பறித்து முந்தானையில் முடிந்து வைத்திருந்த கொழுந்தைக் கொடுத்தார். பாஸ் கட்டினார். அம்மா முன்சீட்டில், நான் ஸ்டியரிங்கில். மழை கொட்டிக்கொண்டிருந்தது. கண்ணாடியெல்லாம் ஏற்றியும் முன் கண்ணாடி பளிச்சென்று இருந்தது. என் கண் பாதையில்.

"குளிருதாம்மா?"

"ம்."

"மூச்சு?"

"இருக்கு."

திரும்பி வந்தோம். பாஸ் கொழுந்தை அவிழ்த்துக் காம்பை மடக்கினார். 'டக்.' ஒடிந்துவிட்டது. செடியில் நிற்கிற மாதிரி விறைப்பாக, பச்சையாக இருந்தது.

அவருடைய முகத்தை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். எல்லாவற்றையும் திரும்பவும் கழற்றினார். புதன்கிழமை காலை மறுபடி கலவான, மறுபடி 'டக்'. அன்று அவர் பகல் சோற்றைத் திறக்கவே இல்லை. அந்தோனியாரிடம் போய் நின்று, "சாமி, நீங்களாவது சொல்லுங்க" என்று முணுமுணுத்தார். எனக்கோ பொறுமை போய்விட்டது.

"பாஸ், குளிரு இருக்கு. கண்ணாடி மங்கல. காரக் குடுங்க, நாளைக்குக் கிளினிக்."

"கொழுந்து வாடலையே டீச்சர்."

"ஒரு எலைக்காக எங்கம்மாவச் சாகடிக்கப் போறீங்களா?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று தெரிந்தது. பாஸ் கையிலிருந்த ஒடிந்த காம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அம்மா தலையைக் குனிந்துகொண்டார். நான் கத்தியதற்கு வெட்கப்படுகிறார் என்று நினைத்தேன்.

"கண்ணாடி மங்கலன்னா சொன்னீங்க?" என்றார் பாஸ். "இவ்வளவு மழையிலயும்?"

"மங்கல."

"சரி. இன்னும் ஒரே ஒரு தடவ. இந்தத் தடவ என் கொழுந்து." கொட்டகையின் வேலியோரம் நின்ற ஒரு கிழட்டுத் தேயிலைச் செடியில் பறித்துவந்து, முதுகை எங்களுக்குக் காட்டிக்கொண்டு கட்டினார்.

மூன்றாவது முறையும் போய் வந்தோம். பாஸ் கொழுந்தை அவிழ்த்தார். இந்த முறை காம்பை மடக்கவில்லை. கொழுந்தைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். பிறகு, "டீச்சர், தாகமா இருக்கு. கடையில ஒரு இஞ்சி சோடா வாங்கிட்டு வாங்களேன்" என்றார். ஐந்து நாளாக ஒரு மிடறு தண்ணீர் கேட்காத மனிதருக்குத் திடீரென்று சோடா! பாவம், நான் திட்டியது தொண்டையை அடைத்துவிட்டது போலிருக்கிறது என்று நடந்தேன். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. குடை எடுக்கத் திரும்பி வந்தபோது தகரத்துக்குப் பின்னால் அவருடைய குரல் கேட்டது.

"அக்கா, நான் கட்டுனது மூணு எலக் கொழுந்து. வேணும்னே முத்தலாப் பாத்துத்தான் கட்டுனேன். வந்திருக்கிறது ரெண்டு எல ஒரு மொட்டு. ஏசிக்கு எலைய வாட வைக்கத்தான் தெரியும். மூணாவது எலையக் கிள்ளிப் போடத் தெரியாது."



"முத்தல் பறிக்க எனக்குக் கை வராது தம்பி" என்றார் அம்மா. "முப்பத்தஞ்சு வருஷம் நல்ல கொழுந்து பறிச்ச கை. களவு செய்றப்பகூட வரமாட்டேங்குது."

எட்டிப் பார்த்தேன். காரின் கதவு திறந்திருந்தது. பாஸ் கீழே குந்தியிருந்தார். அம்மா மடியிலிருந்து மூன்று கட்டுக் கொழுந்தை எடுத்து அவரிடம் நீட்டினார். ஒவ்வொரு பயணத்திலும் கட்டிய கொழுந்தை அவிழ்த்து ஒளித்துவிட்டு, முந்தானையில் மறைத்து வைத்திருந்த பச்சைக் கொழுந்தைக் கட்டியிருக்கிறார்! நான் வளைவு வளைவாக ஸ்டியரிங் திருப்பிக்கொண்டிருக்க, பக்கத்தில் இது நடந்திருக்கிறது.

பாஸ் ஒரு காம்பை மடக்கினார். வளைந்தது. இறுக்கிப் பிடித்து விட்டார். மெதுவாக விரிந்தது. மனிதருக்கு எல்லாம் மறந்துவிட்டது.

"அக்கா! வாடிருக்கு! நல்ல பதமா வாடிருக்குக்கா!" என்று கொட்டகை அதிரக் கத்தியவர், அம்மா அழுவதைப் பார்த்ததும் அடங்கிப்போய்த் திரும்பவும் குந்திக்கொண்டார். "ஏன்க்கா?"

"இவங்க அப்பாவ அந்த ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டிட்டுப் போனேன். ஒரு படம் புடிக்கணும்னாங்க. நான்தான் கையப் புடிச்சு வேன்ல ஏத்துனேன். வர மாட்டேன்னாரு, நான்தான் வைஞ்சு ஏத்துனேன். படம் புடிச்சாங்க, வார்டுல போட்டாங்க. அவரு வீட்டுக்கு வரவே இல்ல." முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "இப்ப எனக்கும் படம் புடிக்கணும்னு எழுதிருக்காங்க. பயமா இருக்குன்னு புள்ளகிட்ட சொல்ல முடியுமா? அவ டீச்சர். சத்தம் போடுவா. ஏசி சரியானா வர்றேன்னு மாரியாத்தா மேல சத்தியம் வேற பண்ணிட்டேன். சத்தியத்த மீற முடியுமா தம்பி? அதான் ஏசி சரியாகாமப் பாத்துக்கிட்டேன்."

அவ சத்தம் போடுவா. அந்த ஒரு சொல் என்னை அடித்த மாதிரி யாரும் அடித்ததில்லை. ஊரில் எல்லாப் பிள்ளைகளுடைய பயத்தையும் முகத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கிறவள், பக்கத்து சீட்டில் இருந்த பயத்தைப் பார்க்கவில்லை. நான் நனைந்துகொண்டே நின்றேன்.

பாஸ் தலையைச் சொறிந்தார். "நானும் ஒண்ணு சொல்றேன். வெளிய சொல்லிராதீங்க. நான் இதுவரைக்கும் ஏசி வண்டில ஏறுனதில்ல."

"அதான் பந்தியில உக்காரக் கூடாதுன்னு சொன்னீங்களே."

"அது சும்மாக்கா. எனக்குக் குளிரு ஒத்துக்காது. பல்லு கிடுகிடுன்னு ஆடும். ஏசி பாஸுக்கு ஏசி ஆகாதுன்னு தெரிஞ்சா சனங்க சிரிக்காதா? அதான் பயந்துகிட்டு ஏறுறதில்ல." எழுந்து கையைத் துடைத்தார். "நாளைக்கு நானும் வர்றேன். நீங்க ஆஸ்பத்திரிக்குப் பயப்படுங்க, நான் ஏசிக்குப் பயப்படுறேன். ரெண்டு பேருமா பயந்துகிட்டே போயிட்டு வந்துருவோம்."

நான் சத்தமில்லாமல் போய் சோடா வாங்கிக்கொண்டு, வரும்போது வேண்டுமென்றே இருமிக்கொண்டே வந்தேன். பாஸ் வாடிய கொழுந்தை என் மூக்குக்கு முன்னால் நீட்டினார். "டீச்சர், வாடிருச்சு. வண்டி ரெடி. நாளைக்கு ஒருக்கா நானும் கூட வந்து பாக்குறேன், சத்தம் கித்தம் வருதான்னு."

"சரி பாஸ்" என்றேன். "நேத்து பேசுனதுக்கு..." என்று இழுத்தேன். பேசியது அன்றைக்கே என்பதுகூட எனக்கு மறந்துவிட்டது.

"சோடாவக் குடுங்க" என்றார்.

வியாழக்கிழமை பாஸ் கோயிலுக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையோடு வந்தார். தலையில் கம்பளித் தொப்பி, கழுத்தில் துவாய், காதில் பஞ்சு. பின்சீட்டில் அம்மாவுக்குப் பக்கத்தில் ஏறினார். ஏசியைப் போட்டேன். நிவித்திகல டவுனைத் தாண்டுவதற்குள் அவருடைய பல் தாளம் போடுவது எனக்கு முன்சீட்டில் கேட்டது.

"கொறைக்கவா பாஸ்?"

"வே...வேணாம் டீச்சர். கொ...கொழுந்து வாடணும்."

அம்மா தன் ஸ்வெட்டரைக் கழற்றி அவருக்குப் போர்த்தினார். அவருடைய கையைப் பிடித்துத் தேய்த்துவிட்டார். "இவ்வளவு பெரிய ஆளு இப்படி நடுங்கலாமா? இந்தா வந்துருச்சு, இன்னும் கொஞ்சந்தான்" என்று இரத்தினபுரி வரைக்கும் அவருக்குத் தைரியம் சொல்லிக்கொண்டே வந்தார். ஆஸ்பத்திரிக் கேட்டுக்குள் கார் நுழைந்ததைக்கூட அம்மா கவனிக்கவில்லை.

அம்மாவை எக்ஸ்ரேக்குக் கூட்டிப் போய்த் திரும்பி வருகிறேன், வாங்கிலில் உட்கார்ந்திருந்த பாஸைக் காணோம். பார்த்தால் நோயாளிகளின் வரிசையில் முதல் ஆளாக உட்கார்த்தி வைத்திருக்கிறார்கள். பெண்கள் ஸ்வெட்டர், கம்பளித் தொப்பி, நடுக்கம். காய்ச்சல்காரர் என்று நர்ஸ் அவர் வாயில் தேர்மோமீட்டரை வைத்துவிட்டார். "உண தியெனவாத மாமே?" என்று நர்ஸ் காய்ச்சலை விசாரிக்க, இவர் தேர்மோமீட்டரைக் கடித்துக்கொண்டு, "நெஹெ மிஸ், ஏசி! ஏசி!" என்று இல்லையெனக் கையை ஆட்டிக்கொண்டிருந்தார். அம்மா அந்த இடத்திலேயே சிரித்த சிரிப்பில் மூச்சுத் திணறவே, டொக்டர் முதலில் அம்மாவைக் கூப்பிட்டுவிட்டார்.

வார்டில் போடவில்லை. பயப்படும்படி படத்தில் ஒன்றும் இல்லை, மருந்து ஒழுங்காக எடுக்காததுதான் குற்றம் என்று டொக்டர் சொன்னார். வாயில் வைத்து இழுக்கிற பம்ப் ஒன்றும் கொஞ்சம் குளிசையும் கொடுத்து, அடுத்த மாதம் வரச்சொன்னார். வெளியே வந்த அம்மா என்னைப் பார்க்கவில்லை, நேராகப் பாஸிடம்தான் போனார். "தம்பி, வீட்டுக்குப் போகலாம்னு சொல்லிட்டாங்க" என்றார். பாஸ் துவாயால் மூக்கைத் துடைத்தார். குளிர் என்றார். அங்கே வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம், ஒரு கிளினிக்கும் தவறவில்லை. ஒவ்வொரு முறையும் அம்மா இரண்டு இலை ஒரு மொட்டாகப் பறித்துக் கட்டுவார், பாஸ் நடுங்கிக்கொண்டே கூட வருவார். நான் சத்தம் போடுவதைக் கொஞ்சம் குறைத்திருக்கிறேன் என்று அம்மா சொல்கிறார். பாதியாகக் குறைத்திருக்கிறேன் என்பது என் எண்ணம்.

போன வருஷம் பாஸுக்குக் கண் பார்வை மங்கிவிட்டது. வத்தளையில் இருக்கும் மகள் வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டாள். போகும்போது அந்தோனியார் படத்தையும் அம்மாவின் ஸ்வெட்டரையும் எடுத்துப் போனார். இப்போது ஒவ்வொரு கிளினிக் வியாழனும், நாங்கள் பாதி வழியில் இருக்கும்போது அம்மாவின் ஃபோன் அடிக்கும்.

"அக்கா, கொழுந்து வாடிச்சா?"

நாலு மாதமாக எங்கள் காரில் ஏசி வேலை செய்வதில்லை. கேஸ் எங்கோ கசிந்து இறங்கிவிட்டது. வேறு பாஸிடம் கொண்டுபோகலாம் என்றால் அம்மா விடுவதில்லை, தம்பி தொட்ட சாமானை இன்னொருத்தன் தொடக்கூடாது என்கிறார். கண்ணாடியை இரண்டு விரல் இறக்கிவிட்டு ஓட்டுகிறேன். மழை வந்தால் அம்மா முந்தானையால் முன் கண்ணாடியைத் துடைத்துவிடுகிறார். கொழுந்து மட்டும் தவறாமல் தொங்குகிறது, செடியில் நிற்கிற மாதிரி பச்சையாக.

"வாடிருச்சு தம்பி. நல்ல பதம்."

"காம்பு வளையுதாக்கா?"

போன வியாழனும் அம்மா காம்பை மடக்கினார். 'டக்.' அந்தச் சத்தம் கேட்டுவிடாமல் ஃபோனைக் கையால் பொத்திக்கொண்டு, பிறகு சொன்னார்: "வளையுது தம்பி. அப்படியே வளையுது."

பாஸால் இப்போது பத்திரிகை வாசிக்க முடியாது, அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். வத்தளைப் பக்கம் இருக்கிற யாராவது அவருக்கு இதை வாசித்துக் காட்டுவதானால், இந்தக் கடைசிப் பகுதியை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அவர் இருக்கிற வரைக்கும் எங்கள் காரில் கொழுந்து வாடிக்கொண்டே இருக்கட்டும்.